வானம் ஆங்கிலம் பேசத் தொடங்கிய கதை

1944 நவம்பர் 1. உலகப் போர் இன்னும் ஓயவில்லை. சிகாகோவின் ஸ்டீவன்ஸ் ஓட்டலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். போருக்குப் பின் பயணிகள் விமானங்கள் எந்த விதிப்படி எல்லை தாண்டுவது என்பதுதான் பேச்சு. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பில்லை. சோவியத் யூனியன் கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டது. தூதரக மேசைகளில் நெடுங்காலம் கோலோச்சிய பிரெஞ்சு மொழியின் தாயகம், ஜெர்மானியப் பிடியிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்தது. விமானங்கள் இருந்ததோ அமெரிக்கர் கையில். போருக்காகக் குவித்த டக்ளஸ் விமானங்கள், போர் முடிந்ததும் பல நாட்டு நிறுவனங்களுக்கு மலிவாகக் கைமாறின. அவற்றின் கையேடுகளும் ஆங்கிலத்தில்தான் இருந்தன.

எளிமையோ இனிமையோ பார்த்து ஆங்கிலத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விமானம் போன வழியே மொழியும் போனது.

அந்த மாநாட்டில் பிறந்ததுதான் ஐக்காவோ எனும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. விமானி தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் மொழியில் பேசலாம், அது தெரியாதவருக்கு ஆங்கிலம் கிடைக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

ஆனால் அந்த ஆங்கிலம் இங்கிலாந்துக்காரர் வாயில் வருகிறபடியே வானத்துக்கு ஏறவில்லை. எழுத்துகளைக் குறிக்க அதுவரை வழங்கிய 'ஏபிள், பேக்கர்' வரிசை பிற மொழிக்காரர் நாவில் தடுமாறியது. மான்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-பால் வினே, பல மொழிக்காரர்களும் சொல்லக்கூடிய சொற்களைத் தேடினார். 1956 மார்ச் 1 முதல் 'ஆல்ஃபா, பிராவோ' வரிசை நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் கடைசி 'ட்' ஒலியை விழுங்கிவிடக் கூடாதென்று 'ஜூலியட்' என்பதன் முடிவில் இரண்டு 'டி' எழுத்துகள் போட்டார்கள். எண்களையும் விடவில்லை: மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்' ஆயின.

மற்ற பாடங்களை உயிர்கள் விலையாகக் கொடுத்துக் கற்றார்கள். 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனரீஃப். மூடுபனி. புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கிய டச்சு விமானத்திலிருந்து, 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. விமானம் ஓடுபாதை முனையில் காத்திருக்கிறது என்று ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அதே ஓடுபாதையில் எதிரே இன்னொரு ஜம்போ விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மோதலில் 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல, அந்த வாசகமும் அவற்றில் ஒன்று. இன்று 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும்தான் சொல்லலாம். மற்ற வேளைகளில் 'டிபார்ச்சர்'.

1990இல் நியூயார்க் அருகே கொலம்பிய நாட்டு ஏவியான்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் பலி. எரிபொருள் தீர்கிறது என்று விமானத்திலிருந்து தகவல் போனது. 'எமர்ஜென்சி' என்ற சொல் மட்டும் போகவில்லை.

2008 மார்ச் 5 முதல் சர்வதேச விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஐக்காவோவின் மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவதையாவது எட்டியாக வேண்டும் என்றானது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கும் அறிவுரை உண்டு: வேகத்தைக் குறை, மரபுத்தொடரை விடு, வட்டார உச்சரிப்பை அடக்கு. வென்றவர் மொழிதான் வானத்தை ஆள்கிறது; ஆனால் அங்கே வென்றவரும் அதை வேற்று மொழிபோலத்தான் பேச வேண்டியிருக்கிறது.