மசோதா என்னும் கறுத்த காகிதம்

மசோதா என்ற சொல்லை ‘மசி’ என்றும் ‘ஓதா’ என்றும் இரண்டாகப் பிளந்து, மையால் எழுதப்பட்டும் சபையில் இன்னும் ஓதப்படாத ஏடு அது என்று பொருள் விரித்து, ஆகவே அது கலப்பற்ற தமிழே என்று சாதிக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய பற்றை மெச்சலாமேயன்றிப் பதப்பிரிப்பை மெச்சுவதற்கில்லை. மசி வடசொல் என்பது ஒருபுறம் இருக்க, அறிமுகம், ஷரத்துவாரியான பரிசீலனை, நிறைவேற்றும் பிரேரணை என்று இரு சபைகளிலும் மும்முறை வாசிப்புக்கு உட்படுவதையே ஜாதகமாகக் கொண்ட ஒன்றுக்கு ‘ஓதா’ என்று பெயர் சூட்டுவது விபரீதம்.

அரபியில் ‘சவாத்’ என்பது கருமை. அவ்வேரிலிருந்து பிறந்த ‘முசவ்வதா’ கறுப்பாக்கப்பட்டது என்று பொருள்பட்டு, எழுதியும் அடித்தும் இடைச்செருகியும் மை படிந்து போன முதல் வரைவுக்குப் பெயராயிற்று. திருத்தங்கள் ஓய்ந்தபின் சுத்தமாக எடுத்தெழுதிய பிரதியை வெண்மையாக்கப்பட்டது என்று வழங்குவது அம்மொழியார் மரபு. ஆங்கிலேயரின் ‘பில்’ என்ற சொல்லோ, முத்திரையைக் குறிக்கும் ‘புல்லா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. காரியம் முடிந்தபின் இடுகிற முத்திரையைவிட, முடிவதற்குமுன் படிகிற மையே இப்பொருளுக்கு உகந்த பெயர் என்பது என் அபிப்பிராயம்.

லோக்சபையில் வைக்கப்படும் மசோதாவின் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஓரத்தில் 5, 10, 15 என்று வரியெண்கள் நிற்கின்றன. திருத்தம் கொடுக்கும் அங்கத்தினர், இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல் என்றே எழுதித் தரவேண்டும். ஏனைய ஷரத்துக்களெல்லாம் தீர்ந்தபின்னரே முதல் ஷரத்தும், சட்டமியற்றும் வாசகமும், தலைப்பும் ஓட்டுக்கு வரும். வரதட்சிணைத் தடை மசோதாவில் எந்தத் திருத்தம் நிற்பது என்று இரு சபைகளும் இணங்காமற்போய், 1961 மே மாதம் 6, 9 தேதிகளில் முதன்முறையாகக் கூட்டு அமர்வு கூட வேண்டியதாயிற்று. பின்னர் அரசியல் சாசனத்தின் 111-வது விதிப்படி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றவுடன், ஷரத்துக்கள் பிரிவுகளாகப் பெயர் மாறி, அடித்தலின் அடையாளம் ஒன்றுமில்லாத வெள்ளைப் பிரதியாகச் சட்டம் கெஜட்டில் வெளிவருகிறது. அந்தக் கறுப்பு எங்கே போயிற்று என்றால், சபையின் விவாதப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே அவைத்தலைவர் நீக்கச் சொன்ன வார்த்தைகூடத் தடமின்றி மறைவதில்லை. 381-வது நடைமுறை விதி, நீங்கிய இடத்தில் நட்சத்திரக் குறியும் அடிக்குறிப்பும் இடச் சொல்லுகிறது.

மசோதா தனியாக வந்த விருந்தாளியுமன்று. தாக்கல், ஷரத்து, நகல், அமல், ரத்து என, ஒரு சட்டம் பிறந்து மடியும்வரை அதற்கு நேர்கிற அவஸ்தைகளுக்கெல்லாம் நாம் அரபி மூலச் சொற்களையே ஆளுகிறோம். தாக்கல் என்பது எதிர்க்கட்சியைத் ‘தாக்கு’வதிலிருந்து வந்ததென்று எழுதினாரும் உளர், உட்புகுதலைக் குறிக்கும் ‘தாகில்’ அது, வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. உத்தரமேரூர்ச் சபையார் 919-லும் 921-லும் தங்கள் தேர்தல் ஏற்பாட்டைக் கல்லில் வெட்டியபோது அதை ‘வியவஸ்தை’ என்று வடசொல்லாலேயே வழங்கினர். இக்கூட்டத்தில் தமிழாக நிற்பது சட்டம் ஒன்றே. அதை மரச்சட்டத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவோர், பிள்ளைகள் பார்த்தெழுதுவதற்காக ஆசிரியர் இட்ட மேல்வரிச் சட்டத்தையும், அவருக்குப் பதிலாக வகுப்பை ஆண்ட சட்டாம்பிள்ளையையும் நினைத்துப் பார்ப்பார்களாக.

இலங்கையார் சட்டமூலம் என்கிறார்கள்; நம் மாநிலத்தில் சட்டமுன்வடிவு என்கிறார்கள். இரண்டும் குற்றமற்றவை, மையின் வாசனை மட்டும் இல்லாதவை.

இனி, மசோதா எவ்வழியாக வந்தது என்ற கேள்வி. தஞ்சை மராட்டியர் கொணர்ந்தது என்று ஒரு புலவர் அறுதியிட்டுக் கூறுகிறார். மராட்டியில் அது ‘மசுதா’, கன்னடத்தில் ‘மசூதெ’, தெலுங்கர் ‘முசாயிதா’ என்பர். உகரம் பெற்ற மராட்டிச் சொல் நம்மிடம் வந்து ஓகாரமாவதற்கு என்ன நியாயம்? ஹிந்துஸ்தானியிலோ அது ‘மசௌதா’. சௌக்கிதார் என்பதுபோல் முதலெழுத்தில் ஔகாரம் நிற்கும். சொல்லின் இடையில் வந்தால் தமிழ் நா அதை ஓகாரமாக நெகிழ்த்திக்கொள்வது இயல்பு. ஆகவே, பாரசீகமும் தக்கணி ஹிந்துஸ்தானியும் புழங்கிய ஆர்க்காட்டு நவாபின் கச்சேரிகளிலிருந்தே இச்சொல் நம்மவர் வாய்க்கு வந்ததென்று கொள்கிறேன். தேதியிட்ட பத்திரம் காட்டு என்பவர்கள், மராட்டியர் வழிக்கு முதலில் ஒரு பத்திரம் காட்டட்டும். அதுவரை அந்த ஓகாரமே எனக்குப் போதும்.