18 : 94

அட்டையில் ‘விலை 50 ந.பை.’ என்று அச்சாகியிருந்தது. நயா பைசா புழங்கியது 1957 முதல் 1964 வரை. ஆகவே வண்ணார்பேட்டையில் ஒரு பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வந்த அந்த நீள நோட்டின் வயது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. எழுதியவர் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே பௌதிகப் பாடக் குறிப்புகள். ஒரு பக்கத்தில், சூரியக் குடும்பம் தோன்றிய விதம் பற்றி மூன்றே வரி:

ஜீன்ஸ் – ஓதக் கொள்கை.
பானர்ஜி – 1942.
சந்திரசேகர் – புதிய கொள்கை, 18 : 94.

மூன்றாம் வரிதான் என்னை நிறுத்தியது. வெண்குள்ள விண்மீன்களின் நிறை வரம்பைக் கணித்த சந்திரசேகருக்குக் கோள்கள் பற்றித் தனிக் கொள்கை உண்டா?

1894 என்ற ஆண்டாக இருக்க முடியாது. அவர் பிறந்ததே 1910இல். தொகுதி 18, பக்கம் 94 என்றால் எந்த இதழ்? பின்னாளில் அவரே ஆசிரியராக இருந்த ‘அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ 18ஆம் தொகுதியைக் கண்டது 1903இல். லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் இதழோ அதற்கும் முந்தையது. ‘ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸ்’ மட்டும் பொருந்தியது: 18ஆம் தொகுதி, 1946. 94ஆம் பக்கத்தில் சந்திரசேகர் இருந்தார். ஆனால் தலைப்பு, சூரியக் குடும்பத்தின் தோற்றம் குறித்த ‘வைட்சேக்கரின் ஒரு புதிய கொள்கை பற்றி’ என்றது. நோட்டில் வைட்சேக்கர் உதிர்ந்துபோயிருக்கிறார்.

கார்ல் பிரீட்ரிக் ஃபான் வைட்சேக்கர் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போர் நடுவே அந்தக் கொள்கையை எழுதியவர். சூரியனைச் சுற்றி, அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாயுத் தட்டு ஒன்று இருந்தது. அதில் வளையம் வளையமாகப் பெருஞ்சுழிகள், வளையத்துக்கு ஐந்து. இரு வளையங்களுக்கு இடையே சிறு சுழிகள், சைக்கிள் சக்கரத்துப் பால்ரசு குண்டுகள்போல உருளும். அங்கேதான் தூசி திரண்டு கோளாயிற்று என்றார். பழைய சிக்கல் ஒன்றுக்கும் இதில் விடை இருந்தது. குடும்பத்தின் நிறையில் 99.8 விழுக்காடு சூரியனிடம். கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, ஒரு விழுக்காடுகூட அதனிடம் இல்லை. தப்பியோடிய ஹைட்ரஜனும் ஹீலியமும் அதைக் கொண்டுபோயின என்பது அவர் வாதம். சந்திரசேகரின் கட்டுரை வெளிவந்த ஆண்டின் சனவரியில்தான், இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் வீட்டுக் காவலிலிருந்து வைட்சேக்கர் வெளியே வந்தார். அத்தனை ஒழுங்கான சுழிகள் நிலைக்காது என்று 1951இல் வானியலாளர் கைப்பர் திருத்தினார். தட்டு மட்டும் நிலைத்தது.

நோட்டுக்காரர் தவறாக எழுதினாரா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எங்கே படிக்கலாம் என்று தனக்காகக் குறித்திருக்கலாம். ஆனால் அதை நம்பி யாராவது பாடம் நடத்தியிருந்தால், கொள்கை புகழ்பெற்றவர் கணக்கில் ஏறியிருக்கும்.

இந்தியர் ஒருவர் சொந்தமாகச் சொன்ன கொள்கை நடுவரியில் இருக்கிறது; அதற்குத் தொகுதி எண்கூட இல்லை. அமிய சரண் பானர்ஜி, அலகாபாத் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். அருகே கடந்த விண்மீன் சூரியனிலிருந்தே பொருளை இழுத்தது என்றார் ஜீன்ஸ். பானர்ஜி சூரியனுக்குப் பதிலாகச் சீஃபீடை, அதாவது சீராக வீங்கிச் சுருங்கும் விண்மீனை, அங்கே வைத்தார். கடந்து போன விண்மீனின் ஈர்ப்பில் அந்தத் துடிப்பு கட்டுமீறி, பொருள் சிதறியது என்றார். ஆனால் 1939இலேயே வானியலாளர் லைமன் ஸ்பிட்சர், விண்மீனின் உள்ளிருந்து பிய்ந்த கொதிவாயு கோளாக உறையும் முன்பே கலைந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார். ஜீன்ஸுக்கு எதிராக எழுந்த அந்தக் கணக்கைச் சீஃபீடும் தாண்டியாக வேண்டும்.