நிவாரணப் படிவமும் ஆய்வுப் படிவமும்: அம்பாறைக் கரையோரத்தில் சம்மதத்தின் பெறுமதி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை அது. உயிர்தப்பியோர் தங்கிய முகாம்களுக்கு நிவாரணக்காரர் வந்தனர், உளவளத்துணையாளர் வந்தனர், வினாக்கொத்துடன் ஆய்வாளரும் வந்தனர்.

ஆய்வாளர் கையொப்பம் பெற்றாரா என்பதே வழக்கமாக எழுப்பப்படும் கேள்வி. அந்தக் கையொப்பத்துக்கு அந்த இடத்தில், அந்த வாரத்தில் என்ன பொருள் என்பதே என் கேள்வி.

அரசு அப்போது ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான பணமும் உலருணவும் வழங்கியது. குடும்பத்துக்கு 5,000 ரூபாக் கொடுப்பனவும் இருந்தது. வீட்டுக்கும் வள்ளத்துக்கும் வேறு பதிவுகள். பெயர், குடும்ப விபரம், இறந்தோர் தொகை, இழந்த உடைமை என்று எல்லாப் படிவங்களும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். உளவியல் வினாக்கொத்தும் இவற்றைத்தான் முதலில் கேட்கிறது. பதிவு தவறினால் பங்கும் தவறும் என்று அறிந்த ஒரு தாய், படிவத்துடன் வந்தவரிடம் மாட்டேன் என்பாளா? பங்குபற்றாவிட்டாலும் உதவி குறையாது என்ற வரி தாளில் இருக்கலாம். அவர் எந்த வாகனத்தில் வந்து இறங்கினார் என்பதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அது நிவாரண நிறுவனத்தின் வாகனமாயின், அவள் இட்ட கையொப்பம் நிவாரணத்துக்கே உரியது.

1947இன் நியூரம்பெர்க் நெறிகள் வன்முறையாலும் வஞ்சகத்தாலும் பெறும் சம்மதத்தை விலக்கின. 1979இன் பெல்மொண்ட் அறிக்கை தகாத தூண்டுதலையும் சேர்த்து எச்சரித்தது. முகாமில் மிரட்டியவரும் இல்லை, ஆசை காட்டியவரும் இல்லை. ஆயினும் மறுக்கும் வழி அடைபட்டிருந்தது. சிக்கலின் வேர் இதுவே என்பேன்.

காலமும் கருதத்தக்கது. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா எனும் காத்திருப்புக் காலம் நான்கு மாதமும் பத்து நாளும். கல்முனைக் கைம்பெண்களுக்கு அது 2005 மே மாதத் தொடக்கம் வரை நீடித்தது. அக்காலத்தில் அந்நிய ஆண் ஒருவர் எதிரே அமர்ந்து, கணவனை அலை கொண்டுபோன கணத்தைக் கேட்பது எந்த அளவுகோலாலும் தகாது. திருக்கோவில் பக்கத்து இந்துக் குடும்பங்களிலோ, உடல் கிடைக்காதவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வதா, இன்னும் காத்திருப்பதா என்ற தவிப்பே முடியாதிருந்தது.

தாமதித்தால் தரவு அழியும், உதவியும் பிந்தும் என்பர். இவ்வாதத்தை நான் இலகுவில் தள்ளிவிடவில்லை. வடகிழக்கு முகாமொன்றில் 31 சிறுவருக்கு இரு குறுங்காலச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வில், கேள்விகளோடு சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அங்கு அவசரத்துக்கு நியாயம் உண்டு. அறிகுறிகளை எண்ணிவிட்டுத் திரும்பும் ஆய்வுக்கு அந்நியாயம் பொருந்தாது. பேசவைப்பதே ஆறுதல் என்ற சமாதானமும் நில்லாது: பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் அனுபவத்தைக் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே 2005இல் பரிந்துரைக்க மறுத்தது.

அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகியோர் 2005இல் லான்செட் இதழில் சுனாமிக்குப் பிந்திய ஆய்வுகளின் நெறிமுறையை விவாதத்துக்குக் கொண்டுவந்தனர். வலுவான மீளாய்வுக் குழுக்கள் தேவை என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தொலைவில் கூடும் குழு தாளைத்தான் பார்க்கும், வாகனத்தைப் பார்க்காது. ஆகவே சம்மதம் இருமுறை கேட்கப்பட வேண்டும். இரண்டாம் முறை ஒரு வாரம் கழித்து, நிவாரணப் பங்கீட்டில் கைவைக்காத உள்ளூர்ப் பெண்ணொருவர் வந்து, அந்த ஊர்ப் பேச்சில், எதுவும் குறையாது என்று விளக்கிக் கேட்கட்டும். வேண்டாம் என்பவரின் தாள் அவர் முன்னாலேயே கிழிக்கப்படட்டும். இவ்வாறு விலகியோர் தொகை கட்டுரையில் அச்சாக வேண்டும். ஒருவர்கூட மறுக்கவில்லை என்று எழுதும் முகாம் ஆய்வை நான் ஐயத்துடனேயே வாசிக்கிறேன்.