கப்பலேறி வந்த நோயும் பையிலேறி வந்த நோயும்

மும்பையில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கு மாண்ட்வி என்றால் கிடங்குகளும் மூட்டைகளும்தான் ஞாபகம் வரும். 1896 செப்டம்பரில் அந்த மாண்ட்வியில்தான் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். ஹாங்காங்கிலிருந்து கப்பல் வழியே வந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. அதைப் பிளேக் என்று வாய்விட்டுச் சொல்லவே முதலில் தயங்கினார்கள். சொன்னால் துறைமுக வியாபாரம் படுத்துவிடுமே என்ற பயம்! அந்தத் தயக்கத்துக்கு நகரம் கொடுத்த விலை பெரிது.

இதே கதை நூறு வருஷம் கழித்து நம் சோழநாட்டுக் கடற்கரையில் மறுபடி நடந்தது. இந்தத் தடவை மாண்டது இறால். மீனையே தொடாத நயினார் வீட்டுப் பிள்ளைக்கு இறால் ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நான் இதை எழுதுவது வியாபாரி என்ற முறையில்.

சங்க இலக்கியத்தில் 'இறவு' என்று வரும் உயிர், 1990களின் தொடக்கத்தில் டாலர் தரும் சரக்காகிவிட்டது. நாகப்பட்டினம், சீர்காழிப் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் டைகர் இறால் குட்டையாயிற்று. கடலில் பிடித்த தாய் இறாலைக் குஞ்சு பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்வார்கள். குஞ்சுகளை ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் கட்டி லாரியில் அனுப்புவார்கள். பையில் குஞ்சு எத்தனை என்று எண்ணினார்களே தவிர, கூடவே என்ன வருகிறது என்று பார்த்தவர் குறைவு.

கூடவே வந்தது வெண்புள்ளி நோய் வைரஸ். 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டிற்று. 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு ஜப்பானுக்குப் போனது. 1994 கடைசியில் நம் கிழக்குக் கரையில் தெரிந்தது. ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் மூன்று முதல் பத்து நாளில் குட்டை முழுக்கக் காலி. மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் நண்டும் இதைச் சுமக்கும், உறைய வைத்த இறாலிலும் இது உயிரோடிருக்கும்.

சீர்காழிப் பக்கத்து ஜவுளி வாடிக்கையாளர் ஒருவர் அப்போது குட்டையில் பணம் போட்டிருந்தார். "பக்கத்துக் குட்டைக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்து விட்டுட்டான் அண்ணாச்சி, அதே வாய்க்கால் தண்ணியைத்தான் நாங்க காலையில் ஏத்தினோம்" என்றார். சொல்லியிருந்தால் பம்பை நிறுத்தியிருப்பார். மாண்ட்வியில் நடந்த அதே மறைப்பு!

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. அது நிலமும் நீரும் கெடுவதைப் பற்றிய வழக்கு. ஆனாலும் கடலோரப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு வர அதுவே வழி திறந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2009இல் அமெரிக்கக் கண்டத்து வன்னாமி இறாலை அனுமதித்தபோது, தாய் இறால்களைத் தனியே வைத்துச் சோதிக்கச் சென்னை நீலாங்கரையில் நிலையம் அமைத்தார்கள். நெருப்பு சுட்ட பிறகு வந்த புத்தி.

காவல் கெடுபிடியான ஆஸ்திரேலியாவும் தப்பவில்லை. 2016 கடைசியில் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் இந்நோய் புகுந்தது. 2017 ஜனவரியில் அந்நாடு பச்சை இறால் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. தூண்டிலில் இரையாக மாட்டிய இறக்குமதி இறால் மூலம் வந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது.

ஊர்ப் பக்கம் குட்டை வெட்டும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது மூன்று: சோதித்த குஞ்சையே வாங்குங்கள், நோய் கண்ட குட்டைத் தண்ணீரைக் கிருமி நீக்காமல் வெளியே விடாதீர்கள், முக்கியமாக, பக்கத்துக் குட்டைக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சரக்கில் குறை இருந்தால் சொல்லி விற்பதுதான் வியாபார தர்மம் என்று என் தகப்பனார் சொல்வார். அது துணிக்கடைக்கு மட்டும் சொன்னதில்லை.