படத்தைச் சுருக்கிய நான்கு பக்கம்

தாமல் ஏரி நிரம்பினால் ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் படமெடுத்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். துபாயில் வேலை பார்ப்பவர் அதை உடனே பார்த்துவிடுகிறார். இந்த ‘உடனே’ என்பதற்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்குப் படம் என்றால் கட்டங்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளில் மயிலை வரைந்துதானே சேலையில் இறக்குகிறார்கள்! செல்போன் படமும் அப்படித்தான். சுமார் 1.2 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அப்படியே அனுப்பினால் 36 மெகாபைட். நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பில் வந்து சேர ஏறக்குறைய ஐந்து நிமிஷம் ஆகும்.

இதற்கு வழி பிறந்தது பிரான்சில். நம் பொறியியல் மாணவர்கள் ‘ஃபோரியர்’ என்று சொல்லும் பெயரை, பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் ‘ஃபூரியே’ என்போம். ஜோசப் ஃபூரியே தையற்காரர் மகன். நெப்போலியன் ஆட்சியில் க்ரெனோபிள் நகரில் மாவட்ட நிர்வாகியாக இருந்தார். அரசாங்க வேலைக்கு நடுவே, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். எவ்வளவு கோணல்மாணலான வடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார். 1807-இல் அவர் சமர்ப்பித்த கட்டுரையை லக்ராஞ்ச் போன்ற பெரியவர்கள் ஏற்கவில்லை. 1822-இல்தான் அது புத்தகமாக வந்தது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். படங்களைச் சுருக்கக் கொசைன் அலைகள் உதவும் என்று நினைத்து, 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள். மனிதர் விடவில்லை. நிதி இல்லாமலே 1973 கோடையில் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவும் கூட நின்றார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. மொத்தம் நான்கே பக்கம்!

அந்த நான்கு பக்கத்தின் மேல்தான் 1992-இல் ‘ஜேபெக்’ என்ற பட முறை எழுந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றையும் 64 அலைகளின் கூட்டாக எழுதுகிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அலைகளை வைத்துக்கொண்டு, நுணுக்கமான பலவற்றைக் கழித்துவிடுகிறது. 36 மெகாபைட் மூன்று நான்காகக் குறைகிறது. அலுவலகத்தில் தடித்த கோப்பை மேலதிகாரிக்கு அரைப் பக்கக் குறிப்பாக எழுதி வைப்போமே, அதே வேலைதான்.

ஆனால் குறிப்பு எழுதியபின் கோப்பைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? கழிந்த நுணுக்கம் திரும்பி வராது. ஏரியும் வானமும் தப்பித்துவிடும். முதலில் அடிபடுவது மெல்லிய கோடுகள்: சேலையின் ஜரிகை இழை, கோயில் கல்வெட்டின் எழுத்து, பழைய பத்திரத்தின் கையெழுத்து. ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி, ஒவ்வொரு முறையும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ‘ள’வா ‘ன’வா என்று தெரியாமல் போகும். நிலப் பத்திரத்தில் ஒரு எழுத்து, ஒரு சர்வே எண் என்றால் சாதாரண விஷயமா?

ஆகவே பார்ப்பதற்கு ஒரு படி, பாதுகாக்க ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போட 1200 புள்ளி அகலம் தாராளம். பெரும்பாலும் 200, 300 கிலோபைட்டில் முடிந்துவிடும், இரண்டு மூன்று நொடியில் திறக்கும். எடுத்த மூலப்படத்தைக் கைவைக்காமல் தனியாகச் சேமித்து வையுங்கள். நகல் எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கட்டும். அசல் பத்திரமாக இருக்க வேண்டும்.