சம்பா கோயிலும் ஒரு சுவரும்

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். காரைக்காலில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் புதுச்சேரி போய்வந்தால், "சம்பா கோயிலில் பூசை கண்டோம்" என்பார்கள். டெல்டாப் பையனுக்குச் சம்பா என்றால் நெல்தானே! அப்படியானால் குறுவைக்கும் தாளடிக்கும் தனித்தனியாகக் கோயில் உண்டோ என்று நினைத்திருக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு மீடியத்தில் நாலு எழுத்துப் படித்த பிறகுதான் விளங்கியது. சேசு சபையார் கட்டிய அந்தக் கோயிலுக்கு அந்நாளில் அர்ச். சின்னப்பர் பெயர். பிரெஞ்சில் 'சேன் போல்'. அதுதான் நம்மவர் வாயில் தேய்ந்து சம்பா ஆனது என்பார்கள். இன்றைய பெயர் தூய ஜென்மராக்கினி அன்னை பேராலயம்.

காரைக்காலுக்கு நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அவை தஞ்சை மறைமாவட்டம். கும்பகோணம் 1899-லேயே தனி மறைமாவட்டமாகிவிட்டது. எங்கள் ஊர் மட்டும் புதுச்சேரியோடு ஒட்டிக்கொண்டது. 1739-ல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊராயிற்றே! ஆக, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்குப் பேராலயம் என்பது நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில்.

இப்போது மிஷன் வீதியில் நிற்பது நான்காவது கட்டடம். முதல் கோயில் 1692-ல் பதினான்காம் லூயி மன்னரின் பண உதவியோடு எழுந்தது. மறு வருஷமே டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், கோயில் போயிற்று. அவசரமாகக் கட்டிய இரண்டாவது வெகுநாள் நிற்கவில்லை. மூன்றாவது 1728-ல் தொடங்கி 1736-ல் முடிந்தது. அதை 1761-ல் ஆங்கிலேயர், புதுச்சேரியோடு சேர்த்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றுள்ளது 1770-ல் தொடங்கி, 1791 ஜூன் 20-ல் அபிஷேகமானது. முகப்பு பாரீஸிலுள்ள வால்-து-கிராஸ் கோயிலின் சாயல். பிரான்ஸில் புரட்சி நடந்துகொண்டிருந்த வருஷத்தில், ராஜாக்கள் காலத்துப் பாரீஸ் கோயிலின் சாயலில் இங்கே ஒன்று திறந்திருக்கிறார்கள்!

நான் சொல்ல வந்தது அந்த மூன்றாவது கோயிலைப் பற்றி. அதற்குள் ஒரு சுவர் இருந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இந்தச் சங்கதி வருகிறது. கோயிலின் வடபுறம், உள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். அப்போது புதுச்சேரிக்கு வந்தவர் காரைக்கால் சாமியார். ஆம், எங்கள் ஊர் சாமியார்! சுவரைப் பார்த்துவிட்டு, ஒதுக்கப்பட்டவர்களிடம் போய் நியாயம் கேளுங்கள் என்று தூண்டிவிட்டார். அவர்களும் பெரிய சாமியாரிடம் கூட்டமாகப் போனார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான் என்று ஒப்புக்கொண்டு அவர் சுவரை இடிக்கச் சொன்னார். இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டார்.

சும்மா இருப்பார்களா மேல்சாதிக்காரர்கள்? தலைமைத் துபாஷி கனகராய முதலியார் வீட்டுப் பெண் ஒருவர் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்து முழந்தாளிட, சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கொண்டையைக் கைப்பிரம்பால் குத்தி விரட்டினாராம். அதன்பின் பெரிய ரகளை. இனி கோயிலுக்கே வரமாட்டோம் என்றார்கள். விஷயம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போய், கூட்டம் கூடக் கூடாதென்று உத்தரவாயிற்று. பெண்ணைப் பிரம்பால் குத்தியதை நான் ஒப்பவில்லை. சுவர் போனதில் எனக்குச் சந்தோஷம்.

எழுதியவர் கிறிஸ்தவருமல்லர், ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பரிந்தவருமல்லர். கனகராய முதலியாரோ அவருக்குப் போட்டியாளர். அதனால் சம்பவத்தைக் கொஞ்சம் ருசித்தே எழுதியிருப்பார். ஆனால் சுவர் இருந்ததையும் இடிந்ததையும் அவர் கற்பனை செய்யவேண்டிய அவசியமில்லை.

நம் கோயிலின் பெருமை பேசுகிறவர்கள் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து, 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, இதன் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். சேசு சபையார் நெடுநாளாகக் கேட்டுவந்தது அது. அங்கே முன்நின்றவர்களில் கேர்தூ பாதிரியாரும் ஒருவர். இதே கேர்தூதான் பின்னாளில், 1767-ல், சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவுண்டு என்று பாரீஸ் அறிஞர் சபைக்கு எழுதியனுப்பினார். வில்லியம் ஜோன்ஸ் அதைச் சொன்னது 1786-ல். ஒரே ஆள்! இந்த இரண்டையும் எப்படி ஒட்டிப் பார்ப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காரைக்கால் சாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்த இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது அப்பாயியோடு ஒரு கோயிலுக்குப் போனேன். எந்த ஊர் என்று இங்கே வேண்டாம். என்னோடு கோலி விளையாடும் பையன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாயி வந்து காதைத் திருகி இழுத்துப்போனார். "அது அவுங்க பக்கம்டா." சுவரெல்லாம் இல்லை. நடுவில் நடைபாதைதான். மறுநாள் அவன் விளையாடக் கூப்பிட்டான், நான் போகவில்லை. அப்பாயி போகாதே என்று சொல்லவுமில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர் சாமியார் ஒருவர் இதைச் சரியில்லை என்று சொல்லிவிட்டார் என்பது அப்பாயிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பதினான்காம் லூயி பணம் கொடுத்ததை மட்டும் சொல்லித்தந்தார்கள்.

போன வருஷம் பென்ஷன் வேலையாகப் புதுச்சேரி போனவன் சம்பா கோயிலுக்குள் நுழைந்தேன். பழைய சுவர் நின்ற கட்டடமே இப்போது இல்லை. இருந்தாலும் வடக்கு எது என்று யோசித்து, அந்தப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தூங்கும் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். காரைக்கால் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேயே இருந்தேன்.