புல்தரை வந்த கதை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோர் பலர், வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே கொஞ்சம் இடம் மிஞ்சினால் உடனே நினைப்பது புல்தரையைத்தான். நாற்றுப் பண்ணையிலிருந்து புல்பாய்கள் சதுர அடிக் கணக்கில் வந்து இறங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்தத் தரை, சித்திரையில் நாள்தோறும் தண்ணீர் கேட்கிறது. ஆழ்துளைக் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் புல் காய்ந்து பழுப்பாகிவிடும்.

இந்தப் புல்தரை எங்கிருந்து வந்தது? நம் ஊர் வானிலைக்கு அது ஏன் ஒத்து வரவில்லை? அதற்கு முன் நம் வீட்டு வாசல்களில் என்ன இருந்தது? இவற்றைச் சற்று வரலாற்று வழியில் காண்போம்.

ஆடு மேய்ந்த நிலம்

புல்தரையைக் குறிக்கும் ‘லான்’ என்ற ஆங்கிலச் சொல், காட்டின் நடுவேயுள்ள வெட்டவெளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஆண்டு முழுவதும் தூறல் உண்டு, வெயில் குறைவு. அங்கே புல் தானாகவே வளரும். ஆடுகள் மேய்ந்து அதைக் குட்டையாக வைத்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நீண்ட புல்தரை ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குப் ‘பச்சைக் கம்பளம்’ என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் தங்கள் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர்.

விளைநிலமாகக்கூடிய இடத்தை வெறும் காட்சிக்காக விட்டுவைப்பது செல்வத்தின் அடையாளமாயிற்று. 1899இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் இதைக் கேலியாகவே சுட்டிக் காட்டினார். புல்தரை பார்ப்பதற்கு மேய்ச்சல் நிலம் போலவே இருக்கிறது. ஆயினும் அங்கே ஒரு பசுவைக் கட்டினால் சிக்கனக்காரர் என்று பெயர் வந்துவிடும் என்பதால் பசுவை மட்டும் விடமாட்டார்கள் என்பது அவர் கருத்து.

சாதாரண வீடுகளுக்குப் புல்தரை வந்து சேர ஓர் இயந்திரம் காரணமாயிற்று. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்னும் ஊர் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளைச் சீராக வெட்ட அங்கே சுழலும் கத்திகள் கொண்ட உருளை பயன்பட்டது. எட்வின் பட்டிங் என்பவர் அதே உருளையைச் சக்கரத்தில் பூட்டித் தரையில் ஓட்டினால் என்ன என்று எண்ணினார். 1830இல் புல்வெட்டும் இயந்திரம் பிறந்தது. அரிவாள்காரர்களும் ஆட்டு மந்தையும் இல்லாமலேயே எவரும் தம் வீட்டு முன்புறத்தில் சிறு வெர்சாயை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது.

கப்பலேறி வந்த பழக்கம்

ஆங்கிலேயர் தம்முடன் இப்பழக்கத்தையும் கொண்டு வந்தனர். கோட்டைக்கு வெளியே, பல ஏக்கர் பரப்பில் அவர்கள் கட்டிக்கொண்ட மாளிகைகளுக்குத் ‘தோட்ட வீடுகள்’ என்று பெயர். 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டு முதல் மக்ஐவர் என்பார் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்தக் குளிர்ந்த மலையில் புல் நன்றாகப் பிடித்தது. திரைப்படப் பாடல் காட்சிகளில் நாம் கண்டு மகிழ்ந்த புல்வெளிகள் அவைதாம்.

உதகைக்குப் பொருந்தியது சமவெளிக்கும் பொருந்தும் என்று எண்ணியதில்தான் சிக்கல் தொடங்கியது. சமவெளியில் புல்தரை வைத்திருந்தோருக்குக் கிணறும், ஏற்றமும், நாள் முழுவதும் தண்ணீர் விடத் தோட்டக்காரர்களும் இருந்தனர். இன்று மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனதால், செலவாகும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

மழை அதிகம், தாகமும் அதிகம்

இலண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. சென்னையிலோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதாவது, இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியிருக்க, அங்கே வாடாத புல் இங்கே வாடுவது ஏன்?

முதற்காரணம், மழை பெய்யும் காலம். இலண்டனின் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவியுள்ளது. நம் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதங்களுக்கும் சேர்த்து 100 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது.

இரண்டாவது காரணம் வெயில். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கோடையில் நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் ஒரு நாளில் ஏறத்தாழ 22 மெகாஜூல் கதிரவன் ஆற்றல் விழுகிறது. புல் இதில் கால் பங்கு அளவைத் திருப்பி அனுப்பிவிடும். இன்னொரு பகுதி வெப்பக் கதிராக வானுக்குத் திரும்பும். மீதம் 13 மெகாஜூல் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் தேவை. இதுவே நீரின் உள்ளுறை வெப்பம். 13ஐ 2.4ஆல் வகுத்தால் 5.4 வருகிறது. ஆக, நன்கு நீர் பாய்ச்சப்பட்ட புல்தரை, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் நீரை இலைத்துளைகள் வழியாகவும் மண்ணின் வழியாகவும் காற்றில் விடுகிறது.

அரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவான 100 சதுர மீட்டர் புல்தரை உங்களிடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது ஒரு நாளில் 540 லிட்டர் குடிக்கும். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வகுத்துள்ள அளவு. எனவே, அந்தப் புல்தரை நால்வர் கொண்ட இன்னொரு குடும்பத்துக்குச் சமம்! பிப்ரவரி முதல் ஜூன் வரை 150 நாள்களுக்கு 80,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரிகளில் ஏறக்குறைய ஏழு லாரி. இடையில் பெய்யும் கோடை மழையைக் கழித்து, தெளிக்கும்போது வீணாவதைக் கூட்டினாலும் கணக்கு பெரிதும் மாறாது.

தண்ணீர் வந்த தொலைவு

மேற்குப் புறநகர் ஒரு காலத்தில் ஏரிகளின் நாடாக இருந்தது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஊருக்கு ஊர் ஏரி இருந்தது. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போயிற்று. பின்னர் இப்பகுதி தொழில் நகரமாயிற்று. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. வயல்கள் மனைகளாயின. பாசனத்துக்கென வெட்டிய ஏரிகளுக்குப் பாசன நிலம் இல்லாமல் போயிற்று.

நகரம் வளர வளரத் தண்ணீரைத் தேடிச் செல்லும் தொலைவும் வளர்ந்தது. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் வந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1996இல் கிருஷ்ணா நதி நீர் வந்து சேர்ந்தது. 2004இல் வீராணம் ஏரி நீர் வந்தது. 2010இல் மீஞ்சூருக்கு அருகில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. கடல்நீரை இவ்வாறு நன்னீராக்க, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் 50 பெட்டிகள் கொண்ட ரயில், 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்துதான் அது வந்தது. மேலே நாம் போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 100 சதுர மீட்டர் புல்தரை கொண்ட 5,000 வீடுகள் இருந்தால், அந்த ரயில் முழுவதும் ஒரு நாளைக்கே போதாது.

முற்றம் என்னும் அறிவு

நம் முன்னோர் வீட்டு வாசலில் பெரும்பாலும் புல் வளர்க்கவில்லை. வாசலை மண்தரையாக வைத்து, காலையில் சாணம் தெளித்துக் கோலம் போட்டனர். ஒரு வாளித் தண்ணீரில் வேலை முடிந்தது. புழுதி அடங்கியது, பாம்போ தேளோ வந்தாலும் கண்ணில் பட்டது, மழை பெய்தால் நீர் மண்ணில் இறங்கியது.

பசுமை இருந்த இடம் கொல்லைப்புறம். கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் போயிற்று. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நீர் வெளியேறும் வழியில் கல்வாழை நின்றது. கல்வாழையின் வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவு நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கின்றன என்பதை இன்றைய அறிவியல் ஏற்றுக்கொண்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பாத்திகளில் அதை நடுகிறது. அவ்வீடுகளில் ஒரே தண்ணீர் இரண்டு முறை வேலை செய்தது. புல்தரைக்கு விடும் நீரோ ஒருமுறை காற்றில் கலப்பதோடு சரி.

உலகம் திரும்பும் திசை

புல்தரையை மிகவும் போற்றிய நாடு அமெரிக்கா. அங்குள்ள புல்தரைகளின் பரப்பு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம்! அந்த நாடே இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. 1981இல் டென்வர் நகரக் குடிநீர்த் துறை, வறட்சியைத் தாங்கும் தோட்ட முறை ஒன்றை வகுத்து, உலர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘ஸெரிஸ்கேப்’ என்று பெயரிட்டது. 2015 வறட்சியில் கலிபோர்னியா ஆளுநர் 5 கோடி சதுர அடிப் புல்தரையை மாற்றி அமைக்க ஆணையிட்டார். நெவாடா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், சாலையோரங்களிலும் அலுவலக முகப்புகளிலும் அழகுக்காக மட்டும் உள்ள புல்தரைகளை 2026 முடிவதற்குள் அகற்றச் சொல்கிறது.

அவர்கள் நடும் மாற்றுச் செடிகளுள் ஒன்று நமக்குப் பழக்கமானது. நம் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் படரும் பொடுதலையிலிருந்து ஜப்பானில் உருவாக்கிய ஒரு வகை, ‘குராப்பியா’ என்ற பெயரில் கலிபோர்னியாவில் விற்பனையாகிறது. விநாயகருக்கு நாம் சூட்டும் அறுகம்புல்தான் அங்கே ‘பெர்முடா புல்’. அறுகு தண்ணீர் இல்லாவிட்டால் மேலே காய்ந்து, மண்ணுக்குள் தண்டை உயிரோடு வைத்திருக்கும். முதல் மழையில் மீண்டும் துளிர்க்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

புல்லை நீக்கிவிட்டு முழுவதும் சிமென்டுக் கல் பதிப்பது மாற்று ஆகாது. அது பகலில் சூடேறி இரவில் வெப்பத்தை வெளியிடும். மழை நீரைத் தெருவுக்குத் தள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் புல்லும் உதவாது. நீரை ஆவியாக்கிக் குளிரும் வழி அதற்கு இல்லாததால், நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும்.

இடத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடமாடும் பகுதியை மணலும் சரளையும் கலந்த தரையாக விடுங்கள். சமையலறை, குளியலறைக் கழிவு நீர் வரும் பக்கம் கல்வாழையும் வாழையும் நடுங்கள். சோப்பு நீர் கலக்கும் இடத்தில் கீரை மட்டும் வேண்டாம். எஞ்சிய பகுதியில் அறுகு, பொடுதலை, டேபிள் ரோஸ், நித்திய கல்யாணி, ஆவாரை, சோற்றுக் கற்றாழை போன்றவை போதும். கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிறது. எனவே நீர் இழப்பு மிகக் குறைவு. செடிகளின் அடியில் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டால் மண் ஈரம் எளிதில் காயாது.

இடம் இருந்தால் வேம்போ புங்கமோ ஒன்று வையுங்கள். மரமும் நீரை ஆவியாக்கத்தான் செய்யும். ஆனால், வேர் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடி எடுக்கிறது, நிழலையும் தருகிறது. 2016 வர்தா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்ததை மனத்திற்கொண்டு, வேர் பரவ இடம் விட்டு நடுவது நல்லது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஒரு கிரவுண்டு மனையில் ஓராண்டில் மூன்று லட்சம் லிட்டர் மழை விழுகிறது. களிமண் பாங்கான இடங்களில் நீர் மெதுவாகவே இறங்கும் என்பதால், செங்கல் ஜல்லியும் மணலும் இட்ட குழி தேவைப்படும்.

மாணவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். அகன்ற தட்டையான பாத்திரத்தில் நீர் நிரப்பி, மொட்டை மாடி வெயிலில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று அளவுகோலால் பாருங்கள். அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் புல்தரை இழக்கும் நீர். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மார்கழியிலும் சித்திரையிலும் அளந்து ஒப்பிடுங்கள். உங்கள் வீட்டுத் தரைக்கு எது பொருந்தும் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.